கொழுந்து வாட்டும் மாடியில் எந்தக் கம்பியில்லாத் தொடர்பு நிலைக்கும்?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: கொழுந்து வாட்டும் மாடியில், பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டும் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சிறிய கருவி ஒன்றை வைத்து, கீழே டீமேக்கரின் (தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரியின்) அறையில் ஒரே திரையில் பார்க்க வேண்டும். வயர் இழுக்க அனுமதி இல்லை. பற்றரி ஒரு வருடமாவது நிற்க வேண்டும். புளூடூத், ஜிக்பீ, வைஃபை, லோரா, என்ஆர்எஃப்24 என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். இவற்றில் எது அதிக தூரம் போகும்?

தம்பி, தூரத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டு பக்கங்களில் எந்தப் பக்கம் தூங்கலாம், எந்தப் பக்கம் விழித்திருக்க வேண்டும்? இதற்கு விடை கிடைத்தால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொட்டிகளில் குறைமின் புளூடூத், அதிலும் இணைப்பு ஏற்படுத்தாமல் அறிவிப்பு மட்டும் செய்யும் முறை. மாடியில் மின்சாரத்தில் ஓடும் இரண்டு ரிசீவர்கள். அங்கிருந்து கீழே ஒரே ஒரு வயர். ஏன் இப்படி என்பதைத்தான் இனி எழுதுகிறேன்.

பற்றரியைத் தின்பது பேசுவது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் தின்பது கேட்பது. நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 என்ற புளூடூத் சில்லை (சிப்) எடுத்துக்கொள்ளுங்கள். அது அலையை அனுப்பும்போதும் ஏறத்தாழ 5 மில்லிஅம்பியர், காதைத் திறந்து வைத்திருக்கும்போதும் ஏறத்தாழ 5 மில்லிஅம்பியர். ஆனால் பேசுகிறவருக்குத் தான் எப்போது பேசப்போகிறோம் என்பது தெரியும். சில மில்லிசெக்கன் பேசிவிட்டுப் படுத்துவிடலாம். கேட்கிறவருக்கு அது தெரியாது. செய்தி எந்த நொடியில் வருமோ என்று முழுநேரமும் விழித்திருக்க வேண்டும். சிஆர்2032 என்ற பொத்தான் பற்றரியில் இருப்பது ஏறத்தாழ 220 மில்லிஅம்பியர்-மணி. முழுநேரமும் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு நாளைக்குக்கூட வராது. இரண்டு பென்டோர்ச் (ஏஏ) பற்றரி போட்டாலும் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும்.

இனி பேசுகிற பக்கத்தின் கணக்கு. குறைமின் புளூடூத் 2010இல் புளூடூத் 4.0 தரத்தோடு வந்தது. அதற்கு முன்பு நோக்கியா 2006இல் வைப்ரீ என்ற பெயரில் வெளியிட்டிருந்த நுட்பமே இதன் வேர். பாட்டுக் கேட்கும் பழைய புளூடூத்துக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியை இது 40 தடங்களாகப் பிரித்துக்கொள்கிறது. அவற்றில் 37, 38, 39 என்ற மூன்றும் அறிவிப்புக்கென ஒதுக்கப்பட்டவை. கருவி கண் விழிக்கும், மூன்று தடங்களிலும் ஒரே செய்தியைச் சொல்லும், மீண்டும் தூங்கும். யார் கேட்டார்கள், கேட்கவில்லை என்ற கவலை அதற்கு இல்லை. இப்படி ஒரு தடவை அறிவிக்க ஏறத்தாழ 15 மைக்ரோகூலோம் மின்னூட்டம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செக்கனுக்கு ஒருமுறை அறிவித்தால் சராசரி 7.5 மைக்ரோஅம்பியர். தூக்கத்தில் போகும் 2 மைக்ரோஅம்பியரையும் சேர்த்து 10 என்று எடுப்போம். 220 மில்லிஅம்பியர்-மணியை அதனால் வகுத்தால் 22,000 மணித்தியாலம், அதாவது இரண்டரை வருடம். உணரியின் பங்கு இதில் தூசுதான். சென்சிரியோனின் எஸ்எச்டி31 போன்ற ஓர் உணரியை நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி அளந்தால் அது கேட்கும் மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

"மாடியில் ஏற்கெனவே வைஃபை இருக்கிறதே, ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு மலிவாகக் கிடைக்கிறதே" என்பது அடுத்த கேள்வியாக வரும். வைஃபை பொல்லாதது என்று நான் சொல்லவில்லை. அது மின்சாரம் தாராளமாக உள்ள கருவிகளுக்காகப் பிறந்தது. தூங்கி எழும் ஒவ்வொரு தடவையும் ரவுட்டரைத் தேடி, கடவுச்சொல் சொல்லி, முகவரி வாங்கி, பிறகுதான் ஒரு எண்ணை அனுப்ப முடியும். இதற்கு மூன்று செக்கன் ஆகிறது, அந்த நேரத்தில் சராசரி 80 மில்லிஅம்பியர் ஓடுகிறது என்று கொண்டால் 240 மில்லிகூலோம். ஒரு புளூடூத் அறிவிப்பைப் போல 16,000 மடங்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஒரு நாளைக்கு 19 மில்லிஅம்பியர்-மணி போகும். 2,500 மில்லிஅம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் பற்றரி நான்கு மாதம் தாங்கும். கடதாசியில்தான் நான்கு மாதம். கடையில் வாங்கும் பலகையில் ஏஎம்எஸ்1117 என்ற மின்னழுத்தச் சீராக்கி ஒட்டியிருந்தால், சில்லு தூங்கினாலும் அது மட்டும் 5 மில்லிஅம்பியர் அளவில் குடித்துக்கொண்டே இருக்கும். பற்றரி மூன்று வாரத்தில் காலி. "தூக்க முறையில் போட்டும் பற்றரி நிற்கவில்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேரின் நோய் இதுதான்.

வைஃபை சில்லுதான் கையில் இருக்கிறது, அதை விட மனமில்லை என்றால் ஈஎஸ்பி-நவ் என்ற முறையைப் பாருங்கள். ரவுட்டரோடு கைகுலுக்காமல் ஒரு ஈஎஸ்பி இன்னொரு ஈஎஸ்பிக்கு நேரடியாகச் செய்தி எறியும். ஒரு செய்தியில் 250 பைட் வரை கொள்ளும். விழித்திருக்கும் நேரம் செக்கன்களிலிருந்து ஒரு செக்கனின் சிறு பகுதிக்கு இறங்கிவிடும். வீட்டு வேலைக்கு இது தாராளம்.

ஜிக்பீயை இவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. அது நிற்கும் அடித்தளம் ஐஇஇஇ 802.15.4 என்ற தரம், 2003இல் வந்தது. வேகம் நொடிக்கு 250 கிலோபிட், ஒரு சட்டகத்தில் (ஒரு தடவையில் அனுப்பும் செய்தித் துண்டில்) அதிகம் போனால் 127 பைட். வெப்பநிலை அனுப்ப அது ஏராளம். அதன் பலம் வலைப்பின்னல்: ஒரு கருவி சொன்னதை அடுத்தது வாங்கி அதற்கடுத்ததற்குக் கொடுத்து, நேரே எட்டாத இடத்துக்கும் செய்தியைக் கொண்டுபோய்விடும். கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் நான் முதலில் கேட்ட கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். வாங்கிக் கொடுக்கும் இடைக்கருவி தூங்க முடியுமா? முடியாது. பற்றரியில் ஓடும் கருவி வலைப்பின்னலின் ஓரத்தில்தான் இருக்கும். தன் தாய்க்கருவியிடம் அவ்வப்போது "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா" என்று கேட்டுவிட்டுத் தூங்கும். நடுவில் இருப்பவை எல்லாம் மின்சாரத்தில் செருகப்பட்டே இருக்க வேண்டும். ஆகவே பன்னிரண்டு பற்றரிக் கருவிகளைச் சேர்த்து வைத்தால் அது வலைப்பின்னல் ஆகாது. மின்சாரத்தில் ஓடும் இரண்டு மூன்று இடைக்கருவிகளை வைத்தே ஆக வேண்டுமென்றால், அதே இடத்தில் புளூடூத் ரிசீவரை வைத்துவிட்டுப் போகலாமே. 2017இல் வந்த புளூடூத் வலைப்பின்னலுக்கும் இதே கதைதான். அங்கேயும் கடத்துகிறவர் முழுநேரமும் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனாலும் ஜிக்பீயை நான் சிபாரிசு செய்யும் ஆள் ஒருவர் உண்டு. சோல்டரிங் பக்கமே போகாதவர், நிரல் எழுத விரும்பாதவர், கடையில் ஆயத்தமாக விற்கும் உணரிகளை வாங்கி ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க விரும்புகிறவர். ஒரு சிறிய கணினி, ஜிக்பீ பேசும் ஒரு யூஎஸ்பி குச்சி, ஜிக்பீ2எம்கியூடிடி என்ற இலவச மென்பொருள் இருந்தால் பல கம்பனிகளின் உணரிகளை ஒரே இடத்தில் வாசிக்கலாம். தடம் தேர்வு செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். வைஃபை வழக்கமாக 1, 6, 11 என்ற தடங்களில் உட்கார்ந்திருக்கும். ஜிக்பீயின் 16 தடங்களில் 15, 20, 25, 26 ஆகியவை அந்த இடைவெளிகளில் விழுகின்றன. தொழிற்சாலை அலுவலகத்தின் வைஃபை எந்தத் தடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இவற்றில் ஒன்றை எடுங்கள். புளூடூத்தின் மூன்று அறிவிப்புத் தடங்களும் இதே காரணத்துக்காகத்தான் 2402, 2426, 2480 மெகாஹேர்ட்ஸ் என்று தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன.

வீட்டுக் கருவிகளை இணைக்கும் த்ரெட், மேட்டர் என்ற தரங்களைப் பற்றியும் இப்போது நிறையப் பேசுகிறார்கள். த்ரெட்டும் 802.15.4 மீது நிற்பதுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுப்பது அதன் சிறப்பு. மேட்டர் 2022 ஒக்டோபரில் வந்தது. கண்டியில் புதுவீடு கட்டி விளக்கெல்லாம் கைப்பேசியில் போட நினைப்பவருக்கு நல்லது, வாட்டும் மாடிக்கு அதிகப்படி. அன்ட் என்ற இன்னொரு தொடர்புமுறை விளையாட்டு வீரர்களின் இதயத்துடிப்புப் பட்டிகளுக்கு உகந்தது, அதை விட்டுவிடலாம்.

வீட்டுக் கருவிகளுக்கான இன்னொரு தொடர்புமுறையான இசட்-வேவ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும். ஐரோப்பாவுக்குச் செய்தது 868.42 மெகாஹேர்ட்ஸிலும் அமெரிக்காவுக்குச் செய்தது 908.42 மெகாஹேர்ட்ஸிலும் ஓடும். ஒன்று மற்றதோடு பேசாது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்பும்போது இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது, நம் நாட்டில் கைப்பேசிச் சேவைகள் 900 மெகாஹேர்ட்ஸ் பகுதியைப் பயன்படுத்துகின்றன. கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் அலைகளின் பக்கம் 915இல்தான் முடிகிறது. அமெரிக்கக் கருவி அதற்குள்ளேயே போய் உட்காரும். 902 முதல் 928 வரை என்று அச்சிட்டு வரும் அமெரிக்க லோரா கருவிகளுக்கும் இது பொருந்தும். கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் எதையும் வாங்குமுன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அந்த அலைவரிசைக்கும் கருவிக்கும் அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

என்ஆர்எஃப்24எல்01 என்ற ரேடியோச் சில்லு மலிவு, எளிது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் மலிவாக அகப்படும். ஆர்டுயினோ என்ற பயிற்சிப் பலகையோடு ஒரு பிற்பகலில் ஓட வைத்துவிடலாம். அனுப்பும்போது 11 மில்லிஅம்பியர், அணைத்து வைத்தால் ஒரு மைக்ரோஅம்பியருக்கும் குறைவு, ஒரு செய்தியில் 32 பைட். படிக்க இதைவிட நல்ல கருவி இல்லை என்றே சொல்வேன். ஆனால் தொழிற்சாலையில் மாட்டிவிட்டு வருவதற்கு என் மனம் ஒப்பாது. போலிச் சில்லுகள் சந்தையில் நிறைய. மின்வழங்கலில் சிறு நடுக்கம் இருந்தாலும் பேச்சு அறுந்துவிடும், அதனால்தான் அதன் கால்களுக்கு அருகே 10 மைக்ரோபரட் கொள்ளளவி (கப்பாசிட்டர்) ஒன்றை எல்லோரும் ஒட்டுகிறார்கள். செய்தியை மறையாக்கம் செய்யும் வசதி அதற்குள் இல்லை. எல்லாவற்றையும்விட, அது பேசுவது எந்தக் கைப்பேசிக்கும் கேட்காது. நாளைக்கு உங்களுக்குக் கொழும்பிலோ கட்டாரிலோ வேலை கிடைத்து நீங்கள் போய்விட்டால், ஏழாம் தொட்டி ஏன் பேசவில்லை என்று பார்க்க அந்த மாடியில் யாருக்கு முடியும்? புளூடூத் அறிவிப்பு என்றால் உங்கள் இடத்துக்கு வரும் பையன் தன் கைப்பேசியில் ஓர் இலவசச் செயலியை இறக்கிப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். தோட்டப்புறத்தில் ஒரு கருவியின் ஆயுள், அதைத் திருத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும் வரைதான்.

லோராவை அதன் இடத்தில் வையுங்கள். அது குறுந்தூரத்துக்கு உரியது அல்ல, மலைக்கு உரியது. தொழிற்சாலையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள மலையில் மழைமானி வைக்க வேண்டுமென்றால் நான் புளூடூத் பேச்சையே எடுக்க மாட்டேன். அலையின் அதிர்வெண் குறையக் குறைய ஒரே தூரத்தில் இழப்பும் குறையும்: 2.4 கிகாஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் 868 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறத்தாழ 9 டெசிபெல் (அலைப் பலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு) இலாபம், 433க்கு ஏறத்தாழ 15. அதோடு லோராவின் மெதுவான பேச்சுமுறை தரும் இலாபமும் சேரும். மெதுவாகப் பேசுவதற்கு விலையும் உண்டு. ஆகத் தூரம் போகும் எஸ்எஃப்12 முறையில் ஒரு சிறு செய்தியே ஒரு செக்கனுக்கு மேல் காற்றில் இருக்கும். அவ்வளவு நேரமும் மின்சாரம் போகும், அவ்வளவு நேரமும் மற்றக் கருவிகள் காத்திருக்க வேண்டும். முப்பது மீற்றர் நீள மாடிக்கு இது தேவையில்லை. இன்னொன்று, லோரா ஆனாலும் மலையைத் துளைக்காது. நடுவில் ஒரு முகடு இருந்தால் கருவியை மாற்றுவதைவிட ரிசீவரை முகட்டில் ஏற்றுவதே வழி.

வெளியே தேயிலைச் செடிகளுக்கு மேலாக அலை போக வேண்டியிருந்தால் பார்வைக்கோடு தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்த ஒரு பகுதியாகப் போகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸில் 100 மீற்றர் தூரத்துக்கு அந்தப் பருமனின் ஆரம் நடுவில் ஏறத்தாழ 1.8 மீற்றர். செடியின் உயரத்தில் குச்சி நட்டால் அலையின் பாதி வயிறு கொழுந்துக்குள் இருக்கும்.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். நம்மூரில் கருவி பேசாவிட்டால் முதலில் திட்டு வாங்குவது மூடுபனி. அது அநியாயம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு மூடுபனியும் மழையும் ஒரு பொருட்டே இல்லை. கொட்டும் மழையிலும் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு டெசிபெலின் மிகச் சிறு பின்னம்தான் இழப்பு. நீரை அதிரவைக்கும் அலைவரிசை இதுதான் என்று மைக்ரோவேவ் அடுப்பை வைத்துச் சொல்லும் கதையும் தவறு. நீரின் உறிஞ்சல் உச்சம் இதைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறது. பனிக்காலத்தில் தொடர்பு கெடுவது வேறு வழியில். குளிர்ந்த பெட்டிக்குள் நீர் படிகிறது. பலகையில் அச்சிட்ட அன்டெனாவின் மேல் நீர்ப்படலம் இருந்தால் அது தன் அலைவரிசையிலிருந்து விலகிவிடும். சுற்றில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசிந்து பற்றரியும் இறங்கும். அன்டெனாவையும் உணரியின் வாயையும் தவிர்த்து மற்றப் பலகைக்கு வார்னிஷ் பூசுங்கள். பெட்டியில் கீழ்நோக்கி ஒரு சிறு துளை விடுங்கள். முழுவதும் அடைத்த பெட்டி உள்ளே வந்த ஈரத்தை வெளியே விடாது.

இலையில் இருக்கும் நீர் அப்படியல்ல. பறித்த கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதைத் தொட்டி நீளத்துக்குப் பரப்பினால் அலைக்கு முன்னால் ஈரமான ஒரு மெத்தை. தொட்டியின் உடலைப் பாருங்கள்: மேலே கொழுந்து கிடக்கும் வலை, அதற்குக் கீழே விசிறியின் காற்று ஓடும் வெற்றறை. அந்த வலை இரும்புக் கம்பியாக இருந்தால் அதன் கண்கள் அலைநீளமான 12.5 சென்ரிமீற்றரோடு ஒப்பிடும்போது மிகச் சிறியவை, அலை திரும்பிவிடும். நைலோன் வலை என்றால் பாதிப்பு இல்லை. பக்கச்சுவர் தகரமாக இருந்தால் வெற்றறை முழுவதும் ஒரு மூடிய டின். டீமேக்கருக்குத் தேவைப்படுவது அந்த வெற்றறைக் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும்தான், ஏனென்றால் உலர், ஈரக் குமிழ் வெப்பமானிகளின் வித்தியாசத்தைப் பார்த்துத்தான் அவர் சூட்டுக் காற்றைத் திறப்பதும் அடைப்பதும். ஆகவே உணரி உள்ளே இருக்கட்டும். ரேடியோ உள்ளே இருக்கக் கூடாது. ஒரு மீற்றர் நீள வயரில் உணரியை மட்டும் வெற்றறைக்குள் விட்டு, பெட்டியைத் தொட்டியின் வெளிப்புறத்தில், கொழுந்து மட்டத்துக்கு மேலே, ஒரு மரத்துண்டில் பொருத்துங்கள். தகரத்தோடு ஒட்டி வைத்தால் அன்டெனா செத்துவிடும், நாலு விரல் தள்ளியாவது இருக்க வேண்டும். பன்னிரண்டு தொட்டிகளிலும் இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால், எந்தச் சில்லு என்ற விவாதத்தில் கிடைப்பதைவிட அதிக டெசிபெல் கிடைக்கும்.

பழைய தொழிற்சாலைகளின் மாடித் தளம் பலகை என்பது ஒரு அதிர்ஷ்டம். மரத்தை இந்த அலை பெரிய இழப்பில்லாமல் கடக்கும். கண்ணாடி ஜன்னலும் தடையில்லை. தகரத் தடுப்பும், இரும்புத் தூண்களும், நிற்கும் மனிதர்களும்தான் தடை. ரிசீவர்கள் இரண்டையும் மாடியின் எதிரெதிர் மூலைகளில், கூரை மரத்தில் தொங்க விடுங்கள். ஒன்றுக்கு மறைவானது மற்றதற்குத் தெரியும். ரிசீவருக்கு ஈஎஸ்பி32 போதும், அதில் புளூடூத்தும் வைஃபையும் இரண்டுமே உண்டு. ஆனால் இரண்டுக்கும் ரேடியோ ஒன்றுதான். வைஃபையில் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் புளூடூத்தைக் கேட்காது. அதனால்தான் கீழே டீமேக்கர் அறைக்கு ஒரு வயர் என்று சொன்னேன். நீண்ட வயரில் தரவு அனுப்பும் ஆர்எஸ்-485 முறை அதற்குப் போதும். பன்னிரண்டு வயர் இழுக்க அனுமதி தராதவர்கள் சுவரோரமாக ஒன்று இழுக்கத் தருவார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் இருப்பதால் அந்த வயரின் இரு நுனியிலும் மின்னெழுச்சிக் காப்பு ஒன்று கட்டாயம்.

அறிவிப்பில் என்ன வைப்பது? பழைய முறை அறிவிப்பில் 31 பைட் இடம். தலைப்புகளுக்குப் போக 24 பைட் மிஞ்சும். வெப்பநிலையை நூறால் பெருக்கி முழு எண்ணாக இரண்டு பைட், ஈரப்பதம் இரண்டு, பற்றரி மின்னழுத்தம் இரண்டு, தொட்டி இலக்கம் ஒன்று. இவற்றோடு ஒரு பைட்டில் ஓர் எண்ணி வையுங்கள், ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒன்று கூடட்டும். ரிசீவர் பக்கம் 41க்குப் பிறகு 44 வந்தால் இரண்டு அளவீடு தொலைந்தது என்று தெரிந்துவிடும். கருவி உயிரோடு இருந்தும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் உணரி உறைந்துவிட்டது என்று தெரியும். எண்ணி இல்லாவிட்டால் இந்த இரண்டு நோயும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும்.

"அறிவித்துவிட்டுத் தூங்கினால் செய்தி தொலையாதா?" தொலையும், தொலையட்டும். உங்களுக்கு நிமிடத்துக்கு ஓர் அளவு போதும், கருவியோ அதே அளவை நிமிடத்தில் முப்பது தடவை சொல்கிறது. பத்துக்கு ஒன்பது தொலைந்தாலும் ஒரு நிமிடத்தில் ஒன்றாவது வந்துசேரும் வாய்ப்பு 95 சதவீதத்துக்கு மேல். பாதிதான் தொலைகிறது என்றால் கணக்கே போட வேண்டாம். பன்னிரண்டும் ஒன்றோடொன்று மோதுமா என்ற பயமும் வேண்டாம். ஓர் அறிவிப்பு ஒரு தடத்தில் காற்றில் இருப்பது அரை மில்லிசெக்கனுக்கும் குறைவு, அதோடு ஒவ்வோர் அறிவிப்புக்கும் 10 மில்லிசெக்கன் வரை ஒரு தற்செயல் தாமதத்தைத் தரமே சேர்த்துவிடுகிறது.

சோதிக்கும் நேரம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலியான மாடியில் கைப்பேசியை ஏந்தி நடந்துவிட்டு "அருமையாக எடுக்கிறது" என்று எழுதி வைக்காதீர்கள். தொட்டிகள் நிறையக் கொழுந்து கிடக்கும் மாலையில், விசிறிகள் ஓட, ஆட்கள் கொழுந்து பரப்பிக்கொண்டிருக்கும்போது ரிசீவர் இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கருவியின் பலமும் -85 டிபிஎம்முக்கு (வந்துசேரும் அலையின் பலத்தைச் சொல்லும் அலகு) மேலே இருந்தால் நல்லது. -95க்கு அருகே போனால் பெட்டியை இடம் மாற்றுங்கள். அதே தொட்டியை விடியற்காலையிலும் பாருங்கள். இரவெல்லாம் கொழுந்து வாடி நீர் இறங்கியிருக்கும், மறைவில் இருக்கும் பெட்டியின் பலம் அதற்கேற்பக் கூடியிருக்கலாம். ஆக மோசமான நேரத்தை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

புளூடூத் 5இல் 2016 முதல் ஒரு நீள்தூர முறையும் உண்டு. வேகத்தை நொடிக்கு 125 கிலோபிட்டாகக் குறைத்து 8 டெசிபெல் அளவுக்கு மேலதிகக் காது கொடுக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது. தேவைப்பட்டாலும் முதல் தலைமுறை ஈஎஸ்பி32க்கும் பல கைப்பேசிகளுக்கும் அது கேட்காது என்பதை மறக்க வேண்டாம்.

பற்றரிக்குப் பொத்தான் வகையை எடுக்காதீர்கள். கணக்கு அதில் அழகாக வந்தாலும், நுவரெலியா குளிரில் அதன் உட்தடை ஏறி, ஓர் அலை அனுப்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சில்லு மறுபடி தொடங்கும். அதற்காக 100 மைக்ரோபரட் கொள்ளளவி வைப்பது வழக்கம். ஆனால் பெட்டியில் இடம் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? பென்டோர்ச் பற்றரி இரண்டு போடுங்கள். எந்தக் கடைவீதியிலும் கிடைக்கும். கணக்குப்படி இருபது வருடம் வரும், ஆனால் அதற்குமுன் பற்றரியே கசிந்து தகட்டை அரித்துவிடும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முந்திய வாரம், இறங்கியதோ இல்லையோ எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாருடைய கொழுந்து என்று பதியவும் இதே புளூடூத் உதவுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உதவாது. தராசைச் சுற்றி நாற்பது பேர் நிற்கும்போது நாற்பது கருவியும் ஒரே பலத்தில் கேட்கும். அங்கே தூரம் போகாததுதான் வேண்டும். என்எஃப்சி அட்டை 13.56 மெகாஹேர்ட்ஸில் சில சென்ரிமீற்றர் மட்டுமே எட்டும், பற்றரி இல்லை, வாசிப்பானின் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், மழையில் நனைந்தாலும் கெடாது. அட்டையைத் தட்டியவருடைய பெயரில்தான் நிறை ஏறும்.

விசிறியையும் இதே வழியில் நிறுத்தி ஓட்டலாமா என்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. அறிவிப்பு முறை திறந்த பேச்சு. யாரும் கேட்கலாம், யாரும் ஏழாம் தொட்டி என்று பொய் சொல்லலாம். வெப்பநிலைக்கு அதனால் பெரிய நட்டமில்லை, மோட்டருக்கு உண்டு. ஜிக்பீக்கு மறையாக்கம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பல கருவிகள் முதன்முதலில் சேரும்போது பயன்படுத்தும் பொதுச் சாவி உலகத்துக்கே தெரிந்த ஒன்று. விசிறி சுவிட்சுக்கு வயர் போடுங்கள். மின்சாரம் போனால் விசிறி நிற்கும், கொழுந்து சூடேறத் தொடங்கும், டீமேக்கர் திரையைப் பார்க்க ஓடிவருவது அந்த நேரத்தில்தான். ஆகவே இரண்டு ரிசீவருக்கும் அவர் அறைத் திரைக்கும் 12 வோல்ட் பற்றரி ஒன்றைக் காப்பாக வையுங்கள். தொட்டிப் பெட்டிகள் தம் பாட்டில் பேசிக்கொண்டிருக்கும், கேட்கிற பக்கம் அணையாமல் இருந்தால் சரி.